தொப்பியும் துப்பாக்கியும் இருந்தும் தோற்ற கோமாளிகள்

அவையோருக்கு வணக்கம்.

1996-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் யுஎஸ்ஏ நெட்வொர்க் கேபிள் சேனலில் 'கேம்பஸ் காப்ஸ்' என்றொரு நகைச்சுவைத் தொடர் வந்தது. கேன்ஃபீல்ட் என்ற கற்பனைப் பல்கலைக்கழகம். அங்கே ஆண்டி, வேய்ன் என்று ஒன்றுக்கும் உதவாத இரண்டு போலீஸ்காரர்கள். தயாரிப்புப் பக்கம் பெரிய கை: 'அனிமல் ஹவுஸ்' படத்தை எடுத்து 1978-லேயே கல்லூரிக் கலாட்டாவைக் காசாக்கிக் காட்டிய ஜான் லாண்டிஸ். அவர் இருந்தும் தொடர் ஒரு சீசனோடு மூட்டை கட்டியது. வேய்னாக வந்த ரயன் ஹர்ஸ்ட்டை இன்று கேட்டால், 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' தொடரின் தாடிக்கார ஓபி என்றுதான் சொல்வார்கள்.

பல்கலைக்கழக போலீஸ் என்றதும் நம் கல்லூரி வாசலில் ஐடி கார்டு கேட்கும் வாட்ச்மேனை நினைத்துவிடாதீர்கள். அங்கே பெரிய பல்கலைக்கழகங்களில் அவர் அசல் போலீஸ். இடுப்பில் துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம், எல்லாம் உண்டு. 60-களின் மாணவர் போராட்டங்களும், 1970-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு 4 மாணவர்கள் செத்ததும் சேர்ந்து, 'வெளியாளைக் கூப்பிடுவதைவிட நமக்கென்று ஒரு படை இருக்கட்டும்' என்று பல நிர்வாகங்களை யோசிக்க வைத்தன.

ஆனால் மாணவன் கண்ணுக்கு அவர் இன்னமும் டூப்ளிகேட் போலீஸ்தான். நகைச்சுவை ஒளிந்திருப்பது இந்த இடத்தில். லத்தி வைத்திருப்பவன் வழுக்கி விழுந்தால்தான் ஜனங்கள் சிரிப்பார்கள். மௌனப்பட காலத்து கீஸ்டோன் போலீஸ்காரர்கள் பிழைத்ததே அதில்தான். முதல் காட்சியிலிருந்தே அசடு என்று முத்திரை குத்திவிட்டால், அவன் விழுவதில் என்ன இருக்கிறது? தொடர் சறுக்கியது இங்கேதான் என்பது என் கணிப்பு.

1982-ல் ஏபிசி சேனலில் வந்த 'போலீஸ் ஸ்குவாட்!' என்ற நகைச்சுவைத் தொடர் அசட்டுத்தனத்தை முகத்தில் காட்டவே இல்லை. அதன் நாயகன் லெஸ்லி நீல்சன் கடைசிவரை கல் மாதிரி இருப்பார். அந்தக் காலத் தொடர்களில் எபிசோடு முடிவில் படம் உறைந்து நிற்குமே, அதையும் கேலி செய்தார்கள். படம் உறையாது, நடிகர்கள்தான் அசையாமல் நிற்பார்கள். கோப்பையில் ஊற்றிய காபி பாட்டுக்கு வழிந்துகொண்டே இருக்கும். அதுவும் 6 எபிசோடோடு போயிற்று. 'கவனித்துப் பார்த்தால்தான் ரசிக்க முடிகிறது' என்பது சேனல் தரப்பு சொன்ன காரணம்! அதுவே 1988-ல் 'நேக்கட் கன்' என்று சினிமாவாகி வசூலை அள்ளியது.

'கேம்பஸ் காப்ஸு'க்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கதைக்கா பஞ்சம்? அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழக போலீஸ் 1894-ல் யேல் பல்கலைக்கழகத்தில் உருவானது. மருத்துவ மாணவர்கள் கல்லறைப் பிணங்களைத் திருடுகிறார்கள் என்று யேல் இருக்கும் நியூ ஹேவன் ஊர் முழுக்க வதந்தி. ஊராருக்கும் மாணவருக்கும் கைகலப்பு. நடுவே நின்று சமாளிக்க நகர போலீஸிலிருந்து இரண்டே இரண்டு பேரை அனுப்பினார்கள். வெளியே பிணத்தைத் தேடும் ஊர், உள்ளே போலீஸை நம்பாத மாணவர்கள், இடையில் இந்த இருவர். இந்த ஒரு சம்பவத்தை வைத்தே ஒரு சீசன் எழுதலாம், ஐயா!