அடி மேலே, நுனி கீழே

(புகைப்பட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள் என்று தலைவர் காதோடு சொல்லியிருக்கிறார். அதனால் சுவீடன் கலை வரலாற்றுக்குள் எல்லாம் போகப்போவதில்லை. ஒரு மரத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஸ்டாக்ஹோம் நகரின் நடுவில் டிரொட்னிங்காத்தான் என்று ஒரு கடைத்தெரு. ராணித் தெரு என்று அர்த்தம். கயிறு பிடித்துப் போட்டது போல நேராகப் போகும். 1993இல் அந்தத் தெருவில், போகிற வருகிறவர்களின் தலைக்கு மேலே ஓர் ஓக் மரம் தொங்கியது. செய்து வைத்த மரம் அல்ல. 120 வயதான நிஜ மரம். அடி மேலே, நுனி கீழே. கடைக்கு வந்தவர் பையைக் கை மாற்றிக்கொண்டு சும்மா நிமிர்ந்தால், கிளைகள் அவரைப் பார்த்துக் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும்.

தொங்கவிட்டவர் சார்லோட் யில்லென்ஹம்மார். 1963இல் கோத்தன்பர்க்கில் பிறந்தவர். சிற்பம், புகைப்படம், வீடியோ எல்லாவற்றிலும் கைவைப்பவர். அந்த மரத்துக்கு அவர் வைத்த பெயர் 'டை ஃபார் யூ'. உனக்காகச் சாவேன். காதல் பாட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பேசுவது மனிதரா மரமா என்று பெயர் சொல்லவில்லை.

ஏன் ஓக்? சுவீடன்காரர்களுக்கு அது சாதாரண மரம் இல்லை. 1558இல் குஸ்தாவ் வாசா என்ற மன்னர் ஓக் மரங்களெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று ஆணை போட்டார். போர்க்கப்பல் கட்ட வேண்டுமே. குடியானவன் வயலில் நிழல் விழுந்து பயிர் படுத்தாலும் மரத்தில் கைவைக்க முடியாது. மரத்தின் மேல் அவனுக்கு வெறுப்பு வராமல் என்ன செய்யும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டெர்ன் ஏரித் தீவு ஒன்றில் கப்பற்படைக்கென்றே ஓக் காடு வைத்தார்கள். மரம் முற்றி வர ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் பிடித்தது. 1970களில் வனத்துறை "மரம் தயார்" என்று கடற்படைக்குச் சொல்லி அனுப்பியது. அதற்குள் கப்பலெல்லாம் இரும்பாகிவிட்டது! இப்படி ராஜ்யத்தின் கம்பீரத்துக்கு அடையாளமாக நின்ற மரத்தைத்தான் இந்த முப்பது வயதுப் பெண் கடைத்தெருவில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். கலைஞர் இதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. மரம் இதையும் சுமந்துகொண்டுதான் தொங்கியது.

சரி, புகைப்படக்காரர்கள் கூட்டத்தில் இதை ஏன் பேசுகிறேன்? நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும், பழைய ஸ்டூடியோவில் பெரிய மரக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்களே, அந்தத் தேய்த்த கண்ணாடியில் என்ன தெரியும்? எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலைகீழாகத் தெரிவார். கால் மேலே, தலைப்பாகை கீழே. பார்த்துப் பழகியவர்களுக்கு அது வித்தியாசமாகவே படாது. லென்ஸ் எதையும் நேராகக் கொண்டு வருவதில்லை. நம் கண்ணும் அப்படித்தான். உள்ளே விழும் பிம்பம் கவிழ்ந்தே விழுகிறது, மூளை அதை நேராக எடுத்துக்கொள்கிறது. யில்லென்ஹம்மார் செய்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கறுப்புத் துணிக்குள் தெரிந்ததை அப்படியே வெளியே தூக்கித் தெருவில் வைத்துவிட்டார்.

இது தற்செயலான ஒப்பீடு இல்லை என்று நான் நினைக்கக் காரணம் உண்டு. அப்புறம் அவர் செய்தவற்றிலும் தலைகீழ் திரும்பத் திரும்ப வருகிறது. 1990களின் பிற்பகுதியில் பெண்களைத் தலைகீழாகத் தொங்கும் நிலையில் வைத்துப் படங்கள் எடுத்தார். பழங்காலத்துப் பெரிய பாவாடை, அதற்குள் அடுக்கடுக்காகத் துணி. அத்தனையும் சரிந்து முகத்தைச் சுற்றி விரிகிறது. முதல் பார்வைக்குப் பூ. பெரிய, கனத்த பூ. இரண்டாம் பார்வையில்தான் பூவின் நடுவில் ஒரு முகம் இருப்பது தெரியும். அந்தப் பெண்ணுக்கு இந்நேரம் ரத்தம் தலைக்கு ஏறியிருக்குமே என்று நமக்கு வயிற்றைப் பிசையும். அழகு என்று சொன்ன வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

2002இல் இன்னும் ஒரு படி போனார். தெற்கு சுவீடனில் வானோஸ் என்ற கோட்டை வளாகத்தில் சிற்பப் பூங்கா இருக்கிறது. அங்கே தன் வேலைக்கூடத்தின் நகலை மண்ணுக்கு அடியில், தலைகீழாகக் கட்டினார். பெயர் 'வெர்ட்டிகோ', தலைசுற்றல். சிற்பத்தைச் சுற்றி வந்து பார்ப்போம், இல்லையா? இதற்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும். இறங்கினால் நாமே அந்தக் கேமராவுக்குள் இருக்கும் ஆள்.

ஸ்டாக்ஹோம் மரம் இன்று அங்கே இல்லை. தற்காலிகமாக வைத்ததுதான். இன்று நமக்குக் கிடைப்பது புகைப்படங்கள் மட்டுமே. அத்தனை எடையுள்ள சிற்பம் கடைசியில் ஒரு தாளில் வந்து நிற்கிறது.

தம்பி, அந்த மரப் படத்தை இன்னொரு முறை திரையில் போடுங்கள். இந்த முறை தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். ஆ, பார்த்தீர்களா? மரம் நேராக நிற்கிறது. தெருவும் கடைகளும் ஜனங்களும் வானத்தில் தொங்குகிறார்கள்.