வெபி முதல் அவ்வார்ட்ஸ் வரை: உங்கள் இணையதளம் விருது வாங்குமா? மதிப்பெண் கணக்கு இதுதான்!

[திரையில்: ஒரு மேடை, ஒலிவாங்கி]

2005ஆம் ஆண்டு, சிறந்த இணையப் படைப்புகளுக்கு வழங்கப்படும் வெபி விருதின் விழா. வாழ்நாள் சாதனை விருதைப் பெற்றுக்கொள்ள மேடையேறிய அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர், "தயவுசெய்து இந்த வாக்கை மறுபடி எண்ணாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபுளோரிடா மாநில வாக்கு எண்ணிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்று, அதிபர் பதவி அவருக்குக் கைநழுவிப் போனதை அறிந்தவர்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை. அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதற்குக் காரணம் உண்டு: வெபி மேடையில் ஏற்புரை ஐந்து சொற்களைத் தாண்டக் கூடாது.

1996இல் தொடங்கிய வெபியில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு விருதுகள் உண்டு. ஒன்றை டிஜிட்டல் கலை, அறிவியல் துறைகளுக்கான சர்வதேச அகாடமியின் நடுவர்கள் முடிவு செய்கிறார்கள், மற்றொன்றைப் பொதுமக்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.

இணையதளங்களைப் பாராட்டும் வழக்கம் வெபிக்கும் முந்தையது. 1994இல் கிளென் டேவிஸ் என்பவர் நாளுக்கு ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து 'இன்றைய அருமையான தளம்' என்று அறிவிக்கத் தொடங்கினார். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் விருது வழங்கலாம் என்ற நிலை வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் சொந்தமாகத் தளம் நடத்திய பலருடைய முகப்புப் பக்கத்தின் அடியில் சுழலும் தங்கக் கோப்பைகளும் மின்னும் நட்சத்திரங்களும் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் விருது கொடுத்தவரின் தளத்துக்குப் போய்ச் சேரலாம். பல விருதுகளின் முதல் நிபந்தனையே அந்த இணைப்புதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைப் போல, கொடுத்தவருக்குத் திரும்பி வர வேண்டியது வந்துவிடும். 1998இல் வந்த கூகுள், ஒரு தளத்தை நோக்கி வரும் இணைப்புகளை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டதால் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கிராக்கி இன்னும் கூடியது. இன்றோ தேடலில் முன்னேறுவதற்காக அளவுக்கு மீறி இணைப்புகளைப் பரிமாறிக்கொள்வதை ஸ்பேம் என்றே கூகுளின் விதிகள் சொல்கின்றன.

ஆகவே, "உங்கள் தளம் தேர்வாகியுள்ளது, சான்றிதழுக்குப் பணம் செலுத்துங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் மகிழ்வதற்கு முன், நடுவர்களின் பெயர்கள் வெளியிடப்பட்டிருக்கின்றனவா, முந்தைய வெற்றியாளர்களின் தளங்கள் உண்மையிலேயே நல்ல தளங்களா என்று பாருங்கள். கட்டணம் கேட்பது மட்டுமே குற்றமாகிவிடாது. வெபிக்கும் நூற்றுக்கணக்கான டாலர் நுழைவுக் கட்டணம் உண்டு. விண்ணப்பிக்காதவரையே வெற்றியாளராக அறிவித்துவிட்டுப் பணம் கேட்பதுதான் ஏமாற்று வேலை.

[திரையில்: 40 – 30 – 20 – 10]

இந்த நான்கு எண்களைச் சொல்லவே இந்த வீடியோவை எடுத்தேன். சிறந்த இணையதளங்களுக்கு விருது வழங்கும் அவ்வார்ட்ஸ் (Awwwards) அமைப்பின் நடுவர்கள் வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10 என்ற எடையில் மதிப்பிடுகிறார்கள். இரண்டு தளங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்குமே வடிவமைப்பில் 8, உள்ளடக்கத்தில் 7. முதல் தளம் அசைவூட்டங்களால் அசத்திப் படைப்பாற்றலில் 9 வாங்குகிறது, ஆனால் மெனுவைத் தேட வேண்டியிருப்பதால் பயன்பாட்டில் 6தான். இரண்டாவது தளத்தில் வித்தை எதுவும் இல்லை, படைப்பாற்றல் 6; ஆனால் மொபைலில் விரைவாகத் திறக்கிறது, தேடியது உடனே கிடைக்கிறது, பயன்பாடு 8. கூட்டிப் பாருங்கள், இரண்டுக்கும் சரியாக 7.5! படைப்பாற்றலில் மூன்று மதிப்பெண் பின்தங்கியவர், பயன்பாட்டில் இரண்டே மதிப்பெண் கூடுதலாகப் பெற்று அதை ஈடுகட்டிவிடுகிறார்.

பெரிய வடிவமைப்புக் குழுவை அமர்த்த வசதியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஒரு பிற்பகலில் உட்கார்ந்து படங்களுக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு குறிப்பு) எழுதலாம், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் தளம் முழுவதும் நகர முடிகிறதா என்று சோதிக்கலாம், முகப்பில் இருக்கும் பெரிய படத்தைச் சுருக்கலாம். விருது வராவிட்டாலும் பார்வைக் குறைபாடுள்ள ஒரு வாசகர் உங்கள் கட்டுரையைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வழியே தடையின்றிக் கேட்பார். என் பார்வையில் விருதை நாடுவதற்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனால் உள்ளடக்கத்துக்கு வெறும் 10 என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கீழே எழுதுங்கள்.

விண்ணப்பத்தைப் பொறுத்தவரை, பொருத்தமான பிரிவைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. தனிநபர் நடத்தும் தளத்தைப் பெருநிறுவனங்கள் மோதும் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். தமிழில் தளம் நடத்துவோர், நடுவருக்குத் தமிழ் தெரியாது என்று வைத்துக்கொண்டு, தளம் யாருக்காக, எதைச் செய்கிறது என்பதை ஆங்கிலத்தில் சில வரிகளில் எழுதி, வசன வரிகளுடன் சிறு வீடியோவும் தயாரித்து வையுங்கள். விண்ணப்பப் படிவத்தில் இடமிருந்தால் அதையும் இணைக்கலாம். உள்நுழைவு தேவைப்படும் பக்கங்கள் இருந்தால் நடுவருக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். முடிவு வரும்வரை, நடுவர் எந்த நாளில் திறந்தாலும் விண்ணப்பத்தில் சொன்னது அப்படியே இயங்கும்படி தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.