பச்சைப் பயிருக்கு ஒரு ஜெபம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

அறுப்பின் பண்டிகை கிறிஸ்தவர்களுக்குப் பழக்கமான ஒன்று. பீடத்தின் முன்னால் கதிர்க்கட்டு இருக்கும், காய்கனிகள் இருக்கும், ஸ்தோத்திரப் பாடல் இருக்கும். அது விளைந்தபின் சொல்லும் நன்றி. பயிர் பச்சையாக நிற்கும்போதே வயலுக்குப் போய் வேண்டிக்கொள்ளும் வழக்கமும் திருச்சபையில் உண்டு. நான் பேச வந்தது அதைப்பற்றித்தான்.

அதற்கு ரொகேஷன் நாட்கள் என்று பெயர். கேட்பது, மன்றாடுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆண்டவர் விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாட்கள். இன்றைய பிரான்சில் உள்ள வியென் நகரத்தின் ஆயர் மமெர்த்துஸ் 470 வாக்கில் இதைத் தொடங்கினார். அப்போது காரணம் பயிர் இல்லை. நிலநடுக்கமும் தீ விபத்துகளும் அந்த ஊரை உலுக்கியிருந்தன. உபவாசத்தோடு பவனி போனார்கள். 511-ல் ஓர்லியான் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் இதை மற்ற ஊர்களுக்கும் விதித்தது. அந்த மூன்று நாளும் வேலைக்காரர்களுக்கு வேலையிலிருந்து விடுப்பு கொடுக்க வேண்டும், எல்லா ஜனங்களும் கூட வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. நிலத்தில் பாடுபடுகிறவன் வராமல் நிலத்துக்காக என்ன ஜெபம்?

சரி, இது எப்படிப் பயிருக்கான ஜெபமாக மாறியது? பருவம்தான் காரணம். ஐரோப்பாவில் அது வசந்தகாலம். கோதுமை பச்சையாக நிற்கும். பல இடங்களில் கதிர்கூட வெளியே வந்திருக்காது, பால் பிடிக்க இன்னும் நாளாகும். ஒரு இரவு உறைபனியோ ஒரு ஆலங்கட்டி மழையோ போதும், வருஷமே போய்விடும். அந்த நேரத்தில் சிலுவையை முன்னால் பிடித்துக்கொண்டு வரப்போரமாக நடந்தார்கள். குருவானவர் மன்றாட்டுமாலையை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஜனங்கள் பதில் சொல்லிக்கொண்டே போவார்கள். அதில் ஒரு வரி, பூமியின் விளைச்சலைத் தந்து காத்தருளும்படி கேட்கிறது. தருவது ஒன்று, காப்பது இன்னொன்று. முளைத்ததெல்லாம் களத்துக்கு வந்து சேராது என்று தெரிந்தவர்களின் ஜெபம் அது.

ஏப்ரல் 25-ஆம் தேதி ரோமில் இன்னொரு பவனியும் இருந்தது. கோதுமையைத் துருநோய் தாக்கக்கூடாது என்று பழைய ரோமர்கள் தங்கள் தெய்வத்துக்குப் பலியிட்ட அதே நாள். தெய்வம் மாறியது, பலி நின்றது. இலையில் செம்புள்ளி கண்டால் விவசாயிக்கு வரும் பயம் மட்டும் மாறவில்லை.

அப்புறம், முதற்பலன், அதாவது முதல் விளைச்சலைக் கடவுளுக்குப் படைப்பது. ஆகஸ்ட் முதல் நாளில் புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்தை ஆலயத்துக்குக் கொண்டுவருவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். அது மங்கிப்போயிருந்தது. 1843-ல் கார்ன்வால் பகுதியில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர், புதுத் தானியத்தில் செய்த அப்பத்தை நற்கருணையில் வைத்து அறுவடை நன்றி ஆராதனை நடத்தினார். இன்று ஆங்கிலேயத் திருச்சபைகளில் நடக்கும் அறுவடைப் பண்டிகைக்கு அதுவே தொடக்கம் என்பார்கள்.

நன்றி சொல்லும் பண்டிகை இப்படிப் பரவியது. கேட்கும் நாட்களோ மெல்ல மறைந்தன. 1969-ல் கத்தோலிக்க நாள்காட்டி திருத்தப்பட்டபோது, அவற்றை எப்போது, எப்படி நடத்துவது என்பது அந்தந்த நாட்டு ஆயர்களிடம் விடப்பட்டது. பல இடங்களில் அப்படியே கைவிட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. கடன் வாங்கி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவனுக்கு ஆலயம் துணை நிற்க வேண்டிய நேரம், மூட்டை வீடு வந்து சேர்ந்த பிறகா, அதற்கு முன்பா?

விதைப்புக் காலத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பாமல், பக்கத்து வயல்வரை எல்லோரும் சேர்ந்து நடந்து பாருங்கள். வரப்பில் நின்று அந்த ஒரு வரியைச் சொன்னாலே போதும்: தந்தருளும், காத்தருளும்.

நன்றி, வணக்கம்.