கல்வெட்டு வைத்த பிறகு

(லண்டனில் வாழும் இலங்கைத் தமிழரின் ஓர் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பணி என்று பொதுவாக ஒரு தலைப்பைத் தந்து பேசச் சொன்னார் தலைவர். நான் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாம் ஊரில் ஒன்றைக் கட்டிக் கொடுக்கிறோம். திறப்பு விழா நடக்கிறது, மாலை போடுகிறார்கள், கல்வெட்டில் பெயர் வருகிறது, படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்கு என்ன நடக்கிறது? அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் காசும் ஒதுக்கினோமா?

வன்னியில் ஒரு குடிநீர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பரவியதிலிருந்து இப்படிப்பட்ட நிலையங்கள் நிறைய வந்துவிட்டன. ஒரு சின்ன அறை, வெளியே இரண்டு மூன்று குழாய்கள், சைக்கிளில் கேன் கட்டி வரும் சனம். உள்ளே கிணற்றுத் தண்ணீரை முதலில் மணல் வடியில் விடுகிறார்கள், பிறகு கரி வடியில், அதற்கப்புறம் வெள்ளை நூல் சுற்றிய ஒரு வடிகட்டியில். கடைசியில் அழுத்தம் கூடிய பம்ப் அந்தத் தண்ணீரை ஒரு மெல்லிய சவ்வுக்குள் தள்ளுகிறது. சுண்ணாம்பும் உப்பும் அங்கேதான் பிரிகின்றன. நன்றாக வேலை செய்யும் இயந்திரம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த வெள்ளை நூல் வடிகட்டி கொஞ்ச நாளிலேயே மண்ணிறமாகிவிடும். அப்போது அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அழுக்கு சவ்வில் போய் அடைக்கும். எங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர், சவ்வில் சுண்ணாம்பு படியும். கவனமாகப் பார்த்தாலும் சில வருடங்களில் சவ்வையே மாற்றியாக வேண்டும். மாற்றக் காசில்லை என்றால் குழாயில் வரும் தண்ணீர் நூலாக மெலியும், பழைய உப்புச் சுவை மெல்லத் திரும்பும், சனம் வருவதைக் குறைக்கும். வருமானம் இல்லாததால் மின்சாரக் கட்டணம் நிலுவையில் நிற்கும், கடைசியில் இணைப்பைத் துண்டிப்பார்கள். இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இயந்திரம் வாங்கக் காசு சேர்த்தபோது வடிகட்டி வாங்கும் காசைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சவ்வு பிரித்தெடுக்கும் உப்பும் சுண்ணாம்பும் ஒரு கழிவு நீராக வெளியே வருகின்றன. அந்த நீர் எங்கே போகிறது? கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி அதில் விட்டால், எந்த உப்பை எடுக்கப் பாடுபட்டோமோ அதே உப்பு திரும்பக் கிணற்றுக்குப் போகும். இதையெல்லாம் கட்டட வேலை தொடங்கும் முன்பே ஊரவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆவணியில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 மாசியில் மேலும் 66 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பிறகு குறைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மாதங்களைத் தாண்டக் கையில் சேமிப்பு இல்லாத நிலையம் என்ன செய்யும்?

தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சபையில் பலர் சொல்வீர்கள், தர்மம் செய்கிறோம், அதற்கு விலையா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லீட்டருக்கு ஒரு சிறு தொகை வாங்கட்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அந்தக் காசை வங்கியில் போட்டு, மாதக் கணக்கை வாசலில் ஒட்டட்டும். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இலவசம் என்று அவர்களே தீர்மானிக்கட்டும். அப்போது அந்த நிலையம் ஊருடையது. அதில் கோளாறு வந்தால் லண்டனுக்கு அழைப்பு எடுப்பதற்கு முன் கிளிநொச்சியில் மெக்கானிக்கைத் தேடுவார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிரச்சினை வேறு மாதிரி. வருடம் முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதை நம்பித்தான் வெங்காயமும் மிளகாயும் மனிதரும். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. இன்று ஆழமாகக் குழாய்க் கிணறு தோண்டி மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உவர் மேலே வருகிறது. உரமும் மலக்குழியும் மேலிருந்து நைத்திரேற்றை இறக்குகின்றன. நம்மவர் ஆசையோடு செய்யும் உதவிகளில் குழாய்க் கிணறும் ஒன்று. எல்லா இடத்திலும் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கிணறு தோண்டும் முன், அதே ஊரில் தூர்ந்து கிடக்கும் குளத்தையும் கேணியையும் போய்ப் பாருங்கள். குளத்தைத் தூர்வாரி, வாய்க்காலில் எழுந்திருக்கும் மதிலை அகற்றச் சம்மதம் வாங்கி, மழை நீரை அதற்குள் விட்டால் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் பயன்பெறும். அந்தச் சம்மதத்தை வாங்குவது பணம் சேர்ப்பதை விடக் கடினம். அதை ஊரில் உள்ளவர்கள்தான் செய்ய முடியும்.

வெளிநாட்டுக் காசு ஊருக்குப் போவது நம் தலைமுறையில் தொடங்கியதல்ல. நம் பாட்டன்மார் மலாயாவுக்குப் போனார்கள், ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தார்கள், மாதாமாதம் மணி ஓடர் அனுப்பினார்கள். அந்தக் காசில் கல்வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் எழுந்தன. 1930களில் யாழ்ப்பாணத்து மூளாயில் எழுந்த கூட்டுறவு மருத்துவமனையை மூத்தவர்கள் அறிவீர்கள். ஒரு மருத்துவமனையைக் கூட்டுறவாக, அங்கத்தவர்களைச் சேர்த்து நடத்தலாம் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கிராமம் நினைத்திருக்கிறது. எனக்கு அந்த எண்ணத்தின் மீது பெரிய மரியாதை உண்டு. பணம் கொடுத்தவரும் வைத்தியம் பார்க்க வந்தவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிற ஏற்பாடு அது.

மெக்சிக்கோவில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. அமெரிக்காவுக்குப் போன சகதேகாஸ் மாநிலத்து மக்கள் நம்மைப் போலவே ஊர்ச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் ஒரு டாலர் போட்டால் நகரசபை ஒன்று, மாநில அரசு ஒன்று, மத்திய அரசு ஒன்று போடும் திட்டம் 2002-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஒன்றுக்கு நான்காகப் பணம் சேர்ந்தது ஒரு பக்கம். நகரசபையும் பங்கு போட்டதால், கட்டிய தெருவும் குழாயும் நகரசபைக்கும் பொறுப்பானவை ஆயின என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நமக்கு அப்படி ஒரு அரசுத் திட்டம் இல்லை. ஆனால் வேலை தொடங்கும் முன் பிரதேச சபையிடம் எழுத்தில் வாங்கலாமே: கட்டுவது நாங்கள், பராமரிப்பில் உங்கள் பங்கு இது என்று.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஊர்ச் சங்கங்கள் தத்தம் ஊருக்குத்தான் செய்கின்றன. இயல்புதான், பிறந்த மண் அது. ஆனால் வெளிநாட்டில் ஆளே இல்லாத ஊர்களும் இருக்கின்றன. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பிறகு நடந்த போரிலும் அவர்கள்தான் நடுவில் நின்றார்கள். அவர்களுக்கு லண்டனில் மாமா இல்லை, டொரண்டோவில் சித்தி இல்லை. போருக்குப் பிறகு கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் நுண்கடன் வாங்கி, வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவித்ததை நாம் செய்தியாகப் படித்தோம். ஒரு சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நாம் போடும் சிறிய சுழல்நிதி அவர்களை அந்த வாசலிலிருந்து காப்பாற்றும். நம் ஊர்க் கோயிலுக்கு மூன்றாவது மண்டபம் கட்டுவதற்கு முன் இதை யோசிக்கச் சொல்லி மன்றாடிக் கேட்கிறேன். நம் ஊருக்குள்ளேயே கூட, உதவி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைத் தாண்டிக் கடைசிக் குடியிருப்பு வரை போகிறதா என்று பாருங்கள். சாதி பார்த்து நிற்கும் உதவி உதவியே அல்ல.

சரி, இப்போது இங்கே வருவோம். நம் சங்கத்தின் யாப்பில், அதாவது அமைப்பு விதிகளில், இரண்டு நோக்கங்கள் எழுதியிருக்கிறோம். ஒன்று ஊர். மற்றது, இந்த நாட்டில் வாழும் நம்மவர் இங்கே ஊன்றி நிற்க உதவுவது. ஆண்டறிக்கையைப் பார்த்தால் ஊருக்கான பக்கங்கள் நிறைய, இதற்கு அரைப் பக்கம்.

ஒரு தாய் டாக்டரிடம் போகிறார். ஆங்கிலம் வராது. பத்து வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிப் போகிறார். அடிவயிற்று வலி, இரத்தப்போக்கு. அந்தக் குழந்தையின் வாயால் இதை எப்படிச் சொல்ல வைப்பது? தாய் பாதியை மறைக்கிறார். குழந்தை புரிந்ததில் பாதியைச் சொல்கிறது. டாக்டருக்குக் கிடைப்பது கால்வாசி. இந்த நாட்டின் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது நோயாளியின் உரிமை, அதற்குக் கட்டணம் இல்லை, பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய வழிகாட்டலும். நேரம் பதியும்போதே 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று சொன்னால் போதும். இந்த ஒரு வாக்கியத்தை நம் சமூகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சங்கத்துக்கு எத்தனை பவுண் செலவாகும்? மிகக் குறைவு. ஏன் செய்யவில்லை? அதற்குக் கல்வெட்டு இல்லை.

புதிதாக வந்து அகதி அந்தஸ்துக் கேட்டு நிற்கும் இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். வாரம் 50 பவுணுக்கும் குறைவான உதவிப்பணம். முடிவு வராமல் 12 மாதம் கடந்தால்தான் வேலை செய்ய அனுமதி கேட்கவே முடியும், அதுவும் ஒரு பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். அந்தக் காலம் முழுவதும் ஒரு அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது மனிதனை உள்ளுக்குள் உடைத்துவிடும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும் அதே மண்டபத்தில், அதே வாடகைக்குள், பக்கத்து அறையில் ஓர் ஆங்கில வகுப்பு நடத்தலாம். கற்றுக்கொடுக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு காரியத்தோடு சங்கத்துக்குள் வருவார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரைப் பற்றி உருகிப் பேசி அவர்களைச் சங்கத்துக்கு இழுக்க முடியாது. அவர்கள் பார்க்காத குளத்துக்காக அவர்கள் அழமாட்டார்கள். ஆனால் கணக்கைக் கொடுங்கள், கேள்வி கேட்கட்டும். 'சென்ற வருடம் வாங்கிக் கொடுத்த கணினிகள் இன்று எத்தனை வேலை செய்கின்றன?' என்று ஒரு பிள்ளை கேட்டால், மரியாதை தெரியாத பிள்ளை என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கேள்வியைத்தான் நான் இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டமும் அதையே கேட்கிறது. வெளிநாட்டில் செலவாகும் பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்று காட்ட வேண்டியது நம் அறங்காவலர்களின் பொறுப்பு. ஆகவே காசு வங்கி வழியாகத்தான் போக வேண்டும், வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் அனுப்பும் உண்டியல் முறையில் போகக் கூடாது. அப்புறம், வரி கட்டும் ஒவ்வொருவரும் கிஃப்ட் எய்ட் படிவத்தில் தயவுசெய்து கையெழுத்திடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. படிவம் நிரப்பாத ஒரே காரணத்தால் அதை ஏன் இழக்க வேண்டும்?

நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் பிரேரணை இதுதான். இனி எந்த வேலைத் திட்டத்துக்கும் சேர்க்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைப்போம். அது சேராவிட்டால் அத்திவாரக் கல் நாட்ட வேண்டாம். அடுத்த திட்டத்தை, வெளிநாட்டில் உறவினர் இல்லாத ஒரு கிராமத்தில், மாவட்டச் செயலகத்தோடும் அங்குள்ள கூட்டுறவுச் சங்கத்தோடும் பேசித் தெரிவு செய்வோம். இங்கே, டாக்டரிடமும் வீட்டு வசதி அலுவலகத்துக்கும் துணைக்குப் போகக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றை இந்த மாதமே தொடங்குவோம். மொழிபெயர்ப்பாளரை அந்தந்த அலுவலகமே தரட்டும். கூட இருந்து தைரியம் சொல்லவும், தேவையானதைக் கேட்டு வாங்கவும் நம்மவர் ஒருவர் வேண்டும்.

முதல் இரண்டையும் சபை வாக்கெடுத்துத் தீர்மானிக்கட்டும். மூன்றாவதற்கு வாக்கெடுப்புத் தேவையில்லை. வாசலில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயரையும் தொலைபேசி எண்ணையும், எந்தக் கிழமைகளில் வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். பகலில் வரக்கூடியவர்கள்தான் அதிகம் தேவை. ஓய்வு பெற்றவர்களும் இரவு வேலை செய்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள். பெண் டாக்டரிடம் போகும் பெண்களுக்குத் துணையாகப் போகப் பெண்களின் பெயர்கள் கட்டாயம் வேண்டும்.

நன்றி, வணக்கம்.