நான்கு பெயர் கொண்ட படகு

நண்பர்களே, இன்று நான் பேசப்போவது பயணிகளை ஏற்றிய படகைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் மனோங்ககேலா ஆற்றில் நிலக்கரி பார்ஜுகளைத் தள்ளிக்கொண்டு போன, இன்று டபிள்யூ. பி. ஸ்னைடர் ஜூனியர் என்று அழைக்கப்படும் ஒரு நீராவிப் படகைப் பற்றி. 1918இல் பிட்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் ரீஸ் பட்டறை அதை கார்னகி ஸ்டீல் கம்பெனிக்காகக் கட்டிக் கொடுத்தது.

அதன் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆற்றங்கரை முழுக்கச் சுரங்கங்களும் எஃகு ஆலைகளும்தான். இடையில் கரியைச் சுமப்பவை தட்டையான பார்ஜுகள். பார்ஜுக்கு எஞ்சின் கிடையாது. பலவற்றை இரும்பு வடத்தால் இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து படகு தள்ளும். அதனால்தான் இந்த ரகப் படகுகளின் முகம் கூராக இருக்காது. சப்பையாக, பார்ஜை முட்டி நிற்க உயரமான முட்டுகளோடு இருக்கும். பின்புறம் பெரிய துடுப்புச் சக்கரம். சக்கரத்துக்கு முன்னாலும் சுக்கான், பின்னாலும் சுக்கான். அது ஏன் என்று கேட்பீர்கள். அத்தனை பாரத்தோடு வளைவில் இறங்கும்போது பிரேக் எதுவும் இல்லை. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றித்தான் வேகத்தை அடக்க வேண்டும். அப்படிப் பின்வாங்கும் நேரத்திலும் படகு, அதைச் செலுத்தும் பைலட்டின் சொல் கேட்டுத் திரும்ப வேண்டும். வழியில் அணைகள் வேறு. படகுகளை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் அவற்றின் குறுகலான லாக் அறைக்குள் பார்ஜுகளை இடிக்காமல் நுழைக்க வேண்டும். எனக்கு அந்தப் பைலட்டுகள் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, சொந்தக்காரர்கள் கதைக்கு வருவோம். முதலில் வைத்த பெயர் டபிள்யூ. எச். கிளிங்கர்மேன். 1938இல் ஜே. எல். பெர்ரி ஆனது. 1945இல் வெறும் ஏ-1. அதே ஆண்டு குரூசிபிள் ஸ்டீல் கம்பெனி வாங்கியது, செப்டம்பரில் டபிள்யூ. பி. ஸ்னைடர் ஜூனியர் என்று மாற்றியது. இன்றைக்கும் அதே பெயர்தான். ஏ-1 தவிர மற்றவை எல்லாம் மேலிடத்து ஆட்களின் பெயர்கள். இருபத்தேழு வருஷம் உழைத்த படகுக்கு நடுவில் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் மிஞ்சியதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது. வடம் இறுக்கியவர், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர், அடுப்படியில் நின்றவர்: இவர்களில் ஒருவர் பெயரையும் படகின் பெயர்ப் பலகையில் எழுதவில்லை.

அப்புறம் டீசல் படகுகள் வந்தன. 1953 செப்டம்பர் 23 அன்று இதை ஓரங்கட்டினார்கள். 1955இல் ஒஹாயோ வரலாற்றுச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். மாரியெட்டா ஊரில், மஸ்கிங்கம் ஆற்றில், அருங்காட்சியகப் படகாக அது நின்றது. 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

அன்பளிப்பு என்றால் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் நிற்கும் எஃகை ஆறு விடாமல் அரிக்கும். அடிப்பாகத்துத் தகடுகளைச் சரிசெய்யவே பணம் திரட்டி அலைய வேண்டியிருந்தது. கம்பெனிகள் இதை வைத்திருந்தது 37 வருஷம். ஒரு டாலர்கூடச் சரக்கில் சம்பாதிக்காத படகை, அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலமாக அருங்காட்சியகம் காப்பாற்றி வருகிறது. என் கண்ணுக்கு அதன் நல்ல முதலாளி இவர்கள்தான்.