வலைக்கண்ணும் இருதயச் சுவரும்

(யாழ்ப்பாணத்தில் மருத்துவ, பொறியியல் மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

இன்று காலை குருநகர்க் கரைப்பக்கம் போயிருந்தேன். ஓர் ஐயா கிழிந்த வலையை விரித்துப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு மூலையை அவர் இழுக்க, பக்கத்துக் கண்கள் நீண்டு ஒடுங்கின. அதற்கப்பால் இருந்தவை கொஞ்சம் சரிந்தன. தூரத்துக் கண்கள் அசையவே இல்லை. இழுவை எங்கே, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை வலையே காட்டிக்கொடுத்தது. பல வருடமாக நான் இருதயத்தில் தேடுவது இதைத்தான்.

இருதயச் சுவரில் அப்படிக் கண்கள் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் இடது இதயவறை ஒரு சாம்பல் நிற வளையமாகத் தெரியும். வளையம் ஒடுங்குவதும் விரிவதும் தெரியும். உள்விளிம்பை வரைந்து கொள்ளளவைக் கணக்கிடலாம். நிறைந்தபோது 120 மில்லிலீற்றர், சுருங்கியபின் 50 என்றால், வெளியேறியது 70, அதாவது ஏறக்குறைய 58 சதவீதம். எக்கோ, அதாவது ஒலியலையால் இருதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை, அதன் அறிக்கையில் இ.எஃப். (ejection fraction) என்று வருவது இந்தச் சதவீதம்தான். ஆனால் அந்த வளையம் சுழன்றதா? விளிம்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வேகமாகச் சுற்றும் பம்பரத்தை 'உறங்குது' என்று சின்ன வயதில் சொல்வோமே, அதே நிலைதான்.

அது சுழல்கிறது. 1669இல் ரிச்சர்ட் லோவர் என்ற ஆங்கில வைத்தியர், இருதயம் சுருங்குவதைத் தண்ணீர் போகத் துணி பிழிவதற்கு ஒப்பிட்டார். கிணற்றடியில் சாரம் பிழியும் இரண்டு கைகளை நினையுங்கள்: இருதயத்தின் நுனி ஒரு பக்கம் திரும்ப, மேற்பகுதி மறுபக்கம் திரும்புகிறது. உட்பக்கத் தசைநார்கள் ஒரு சாய்விலும் வெளிப்பக்கத்தவை அதற்கு எதிர்ச்சாய்விலும் ஓடுவதே காரணம். நடுவில் சாய்வு படிப்படியாக மாறுகிறது. ஒரு தசைநார் தன் நீளத்தில் 15 சதவீதமளவே குறுகும். அறையிலிருந்தோ பாதிக்கு மேற்பட்ட இரத்தம் வெளியே போகிறது! அந்தச் சாய்வினால்தான் சுவர் முறுகுகிறது, நீளத்தில் குறுகுகிறது, உள்நோக்கித் தடிக்கிறது. எத்தனை தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு இதில் வியப்புத் தீருவதில்லை.

இதை அளக்க 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், இருதய மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் தசைக்குள் சின்ன உலோகச் சுருள்களைப் பதித்து எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்தார்கள். 1988இல் அங்குள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலியாஸ் செர்ஹூனியின் குழு, வெட்டாமல் கொத்தாமல், எம்.ஆர்.ஐ. மெசினின் காந்தப் புலத்தாலேயே, படத்தில் தெரியும்படி தசையில் கோடு போட்டது. அடுத்த வருடமே அக்ஸல், டோகெர்ட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்டம் கட்டமாகக் கோடு போடும் வழியைக் கொண்டுவந்தார்கள். துடிப்பின் தொடக்கத்தில் போட்ட கறுப்புக் கோடுகள் தசையோடு சேர்ந்தே வளையும். கடைசியில் இருதயத்துக்கும் வலைக்கண் கிடைத்தது. ஆனால் ஒரு செக்கனளவில் அந்தக் கோடுகள் மங்கிவிடும். துடிப்பின் பிற்பகுதியில், தசை தளரும் நேரத்தில், அவை சரியாகத் தெரியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எம்.ஆர்.ஐ. வெட்டுப்படம் ஒரே இடத்தில் நிற்கிறது. இருதயத்தின் மேற்பகுதியோ ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சென்ரிமீற்றர் அளவில் கீழே இறங்கி ஏறுகிறது. வேலிப் பொட்டுக்குள்ளால் தெருவைப் பார்ப்பது போலத்தான். முதலில் கண்ணில் பட்டவர் போய்விட்டார், இப்போது தெரிபவர் வேறு ஆள்.

இருதயத்தைக் கணினிக்குள் கணக்காகக் கட்டியெழுப்பும் மாதிரி (model) தேவைப்படுவது இங்கேதான். சுவரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். அந்தத் துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிய்ந்து போகக்கூடாது. நசுக்கினாலும் கனவளவு ஏறக்குறைய மாறக்கூடாது, ஏனென்றால் தசையில் பெரும்பங்கு தண்ணீர். தசைநார்ச் சாய்வையும் சேர்த்துக்கொள்கிறோம். பல திசைகளில் எடுத்த வெட்டுப்படங்களை இந்த விதிகளோடு பொருத்தினால், படம் காட்டாத இடங்களையும் கணக்கு நிரப்பிவிடும்.

நிரப்பிவிடும் என்பதுதான் எனக்குப் பயம். நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் அகப்பட்டவர், கால் எடுத்து வைக்காமலே வீதியைச் சுற்றி வந்துவிடுவார். மாரடைப்பில் செத்துப்போன தசையும் அப்படித்தான். அது சுருங்காது, பக்கத்துத் தசை இழுக்க நகரும். நகர்வை மட்டும் பார்த்தால் அது உயிரோடு இருப்பதாகவே தோன்றும். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு குறுகியது, எவ்வளவு தடித்தது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மாதிரியை அளவுக்கு மீறி வழவழப்பாக்கினால் அந்தச் சின்ன வடு அயலோடு கரைந்துவிடும். படம் அழகாக வரும், நோயாளிக்கு அதனால் கேடு. ஆகவே இங்குள்ள பொறியியல் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகக் கேட்பது ஒன்று: அளந்த இடம் எது, கணக்கு ஊகித்த இடம் எது என்பதை வைத்தியர் கண்ணில் படும்படி நிறம் பிரித்துக் காட்டுங்கள்.

'இதெல்லாம் பெரிய மெசினுக்குத்தானே' என்று யாரும் நினைக்க வேண்டாம். எக்கோ படத்தில் தசைக்குள் பொரிப்பொரியாக ஒரு மணல் தெரிகிறதே, அந்த மணலே இயற்கை போட்ட அடையாளம். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அதைப் பின்தொடர்ந்து, சுவரின் நீளவாக்குக் குறுக்கத்தைக் கணினி அளக்கிறது. சுகமான இருதயத்தில் அது 20 சதவீதமளவு. சில புற்றுநோய் மருந்துகள் இருதயத்தைத் தாக்கும்போது, இ.எஃப். விழுவதற்கு முன்பே இந்த எண் விழத் தொடங்கும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்காகப் போய்வரும் எங்கள் சகோதரிகளை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். முதல் ஊசிக்கு முன் எடுத்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை. ஒருவருக்கு 20 இருந்து 17க்குக் கீழே போகும் கணக்கு அது. அந்த முதல் அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் எதனோடு ஒப்பிடுவது?

மருத்துவ மாணவர்களே, நாளை நீங்கள் எக்கோ எடுக்கும்போது அறிக்கைத் தாளோடு நிறுத்தாதீர்கள். செக்கனுக்கு 50 படத்துக்குக் குறையாமல் மூன்று துடிப்பைப் பதிந்து, சுருக்காமல் அப்படியே சேமியுங்கள். சேமிக்கும்போது செக்கனுக்கு 30 படமாகக் குறைத்துவிட்டால், அந்த மணலைத் திரும்பப் பிடிக்க எங்களால் ஏலாது.