பருப்பு என்ன விலை என்று நாடாளுமன்றத்தில் கேட்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, "துவரம் பருப்பு கிலோ என்ன விலை?" கடைக்காரர் ஒரே எண்ணில் பதில் சொல்லிவிடுவார். இதையே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் கேட்டால் மூன்று நான்கு பக்கத்துக்குப் பதில் வருகிறது. தேடிப் பார்த்தால் பல நேரம் அதில் விலை மட்டும் இருக்காது. அமைச்சர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் கேள்வி கேட்ட விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. மாநிலங்களவையில் 2014 முதல் அது நண்பகலில் தொடங்குகிறது. நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. எந்தெந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த 20-இலும் நான்கைந்துதான் அவையில் பேச்சாக நடக்கும், அதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும். மீதிக்கும் எழுத்துப் பதில்தான். அதனால் எழுதிக் கொடுக்கும் கேள்வியின் வாசகம்தான் முக்கியம். அவையில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

வழக்கமாக விலைவாசிக் கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? (அ) அத்தியாவசியப் பொருட்களின் விலை கடுமையாக உயர்ந்திருப்பது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமெனில் அதன் விவரம் என்ன? (இ) அரசின் நிலைப்பாடு என்ன? (ஈ) எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் என்ன? இப்படிக் கேட்டால் (அ) முதல் (ஈ) வரை நான்குக்கும் சேர்த்து ஒரே பதில் வரும். இருப்புக் கட்டுப்பாடு, இறக்குமதி வரிக் குறைப்பு, விலை நிலைப்படுத்தல் நிதி என்று நடவடிக்கைகள் வரிசையாக இருக்கும். (ஆ)வுக்குப் பதில் எங்கே என்று தேடினால் கிடைக்காது. நான்கையும் ஒன்றாகக் கலந்துவிட்டதால், எது விடுபட்டது என்பதே வெளியே தெரியாது.

இன்னொரு சிக்கல், விலையைக் கேட்டால் பணவீக்கத்தைச் சொல்வது. ஒரு கணக்கு சொல்கிறேன், மனத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். பருப்பு கிலோ 100 ரூபாய். அடுத்த வருடம் 120. உயர்வு 20 சதவீதம். அதற்கடுத்த வருடம் 126. உயர்வு 5 சதவீதம். "பணவீக்கம் 20-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது" என்று பதில் வந்தால் அது உண்மைதான். ஆனால் உங்கள் பையிலிருந்து போவது 126 ரூபாய். பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. பதிலைப் படிக்கும்போது இந்த இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: உயர்வின் வேகம் குறைந்திருக்கிறதா, விலை குறைந்திருக்கிறதா?

அப்படியானால் எப்படிக் கேட்பது? நுகர்வோர் நலத் துறை நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட மையங்களிலிருந்து தினமும் விலை வாங்குகிறது. முன்பு 22 பொருட்கள், 2024 ஆகஸ்டிலிருந்து 38. சில்லறை விலை, மொத்த விலை இரண்டும் உண்டு. ஆகவே கேள்வி இப்படி அமையலாம்: "கடந்த மூன்று ஆண்டுகளில் ஜூலை 1 அன்று சென்னை, திருச்சி, கோவை மையங்களில் துவரம் பருப்பின் மொத்த விலை எவ்வளவு, சில்லறை விலை எவ்வளவு, ரூபாயில், மையவாரியாக?" பொருள், நாள், ஊர், எந்த விலை, என்ன அலகு. இந்த ஐந்தும் இருந்துவிட்டால் பதிலில் எண் வந்தே ஆக வேண்டும். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் எவ்வளவு போகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அகில இந்தியச் சராசரியைக் கேட்டால் பல ஊர் விலை ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2021-இன் நடுவில் ஒரு லிட்டருக்கு மத்திய கலால் வரி 32 ரூபாய் 90 காசு. "வரி எவ்வளவு" என்று கேட்டிருந்தால் அந்த ஒரு எண் வந்திருக்கும். "தலைப்புவாரியாக எவ்வளவு" என்று கேட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் வரி 11. சாலை, உள்கட்டமைப்புக்கான வரி 18. வேளாண் மேல்வரி இரண்டரை ரூபாய். மாநிலங்களோடு பங்கிடப்படுவது அந்த 1.40 மட்டும்தான். அதில் மாநிலங்களின் பங்கு 41 சதவீதம் என்றால் லிட்டருக்கு 57 காசு, அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து! பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்தார்கள். அந்தக் குறைப்பு பங்கிடப்படாத வரியிலிருந்துதான் போனது, அடிப்படைக் கலால் அப்படியே இருந்தது. பார்த்தீர்களா, தலைப்புவாரி விவரம் மாநிலத்தின் வாதத்துக்கும் உதவும், மத்திய அரசின் வாதத்துக்கும் உதவும். "தலைப்புவாரியாக" என்ற ஒரு சொல் செய்கிற வேலை இது.

இந்த இடத்தில் 1957-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனப் பங்குகளைக் கழகம் வாங்கியது. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு. பணம் பாலிசிதாரர்களுடையது. மக்களவையில் கேள்வி எழுந்தது, முதலில் வந்த பதில்கள் பிடிகொடுக்கவில்லை. பெரோஸ் காந்தி விடவில்லை. அவர் ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். எந்த நாளில், எந்தப் பங்கை, என்ன விலைக்கு வாங்கினீர்கள், அன்றைக்குச் சந்தை விலை என்ன? அவர் பிடித்த பிடி இதுதான். டிசம்பர் 16 அன்று அவர் பேசியபோது, சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று எண்களை வைத்தே காட்டினார். நீதிபதி சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது, விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. நிதியமைச்சராக இருந்த நம் சென்னையின் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். நாள், பொருள், விலை என்று பருப்புக்குச் சொன்ன அதே வாய்பாடு அங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள். பெரோஸ் காந்தி கோபமாகக் கேட்டிருந்தால் கோபமான பதிலோடு போயிருக்கும்.

இன்னும் சில நிமிடங்களே இருக்கின்றன என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பாக்கெட் பொருட்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், வேகமாகச் சொல்கிறேன். பிஸ்கட் விலை அதே பத்து ரூபாய், எடை மட்டும் குறைகிறது. இதைப் பிடிக்க 2021-இல் எடையளவு விதிகளைத் திருத்தி, அலகு விலையையும் அச்சிடச் சொன்னார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை என்று இருக்க வேண்டும். இன்று வீட்டில் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

கடைசியாக, பதில்களில் வரும் இரண்டு வாக்கியங்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று வந்தால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழு உண்டு. "இந்த விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை" என்று வந்தால் அதோடு கதவு மூடிக்கொள்ளும். ஆகவே அரசு ஏற்கெனவே சேகரிக்கிற விவரத்தையே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதலாம். கேள்வி நாளுக்குக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அவர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எனவே கூட்டத்தொடர் தேதி வந்ததுமே எழுதுங்கள். 150 சொற்களுக்குள் இருக்கட்டும். வாதம் வேண்டாம், கருத்துக் கேட்க வேண்டாம், விதி அனுமதிக்காது. ரேஷன் கடை வரிசை போன்ற மாநில விஷயம் என்றால் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.